லேண்ட் ரோவரின் டிஃபெண்டர் ஒக்டா ஜீப்பில் அப்படி என்ன விசேஷம்?
எல்லாரும் முதலில் சொல்வது வேகத்தைத்தான். 4.4 லீற்றர் இரட்டை டர்போ வி8 எஞ்சின், 635 பிஎஸ் (குதிரைவலு), 4 செக்கனில் மணிக்கு 100 கிலோமீற்றர். சரி, கொழும்பின் காலி வீதி நெரிசலில் அதற்கு எங்கே இடம்?

என்னைக் கேட்டால், அருமையான விஷயம், சக்கரங்களை வண்டியோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன்தான். வழக்கமான ஜீப்பில், வளைவில் வண்டி சாயாமல் பிடிப்பது இடது வலது சக்கரங்களை இணைக்கும் இரும்புக் கம்பி. கல்லுப் பாதையில் அதே கம்பி ஒரு சக்கரத்தைத் தனியாகக் கீழிறங்க விடாது. ஒக்டாவில் அந்தக் கம்பியே இல்லை. சக்கரங்களின் துள்ளலை அடக்கும் டாம்பர்களை எண்ணெய்க் குழாய்களால் இணைத்திருக்கிறார்கள். அதனால் தார் வீதியில் வண்டி நிமிர்ந்து நிற்கும், பள்ளத்தில் சக்கரம் எட்டித் தரையைத் தொடும்.

அப்புறம், 1 மீற்றர் ஆழத் தண்ணீரிலும் இறங்கலாம். மழைக்கு வெள்ளவத்தை ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர் நின்றால், அது அதில் பாதிதான்.