‘மிஸ், அடுத்து என்ன?’ – கடிதம்

வணக்கம்.

வாலாஜாபேட்டை பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ வேதியியல் எடுக்கிறேன். என் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் எதையும் தாங்களாகத் தொடங்குவதில்லை. செய்முறை வகுப்பில்கூட ஒரு படி முடிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு ‘மிஸ், அடுத்து என்ன?’ என்று நிற்கிறார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதையைச் சொன்னேன். இரண்டு பெண்கள் அழுதார்கள், அதோடு சரி. தானே முன்கை எடுத்துச் செய்வது ஏன் அவசியம் என்று எப்படிப் புரியவைப்பது? கைபேசிதான் காரணமா? வெளியிலிருந்து யாரையாவது அழைத்து ஆளுமைப் பயிலரங்கு நடத்தலாமா?

ஆர்.

அன்புள்ள டீச்சர்,

கைபேசியை விடுங்கள். அது வருவதற்கு முன்பும் பிள்ளைகள் இப்படித்தான் நின்றார்கள். ‘ஏன் அவசியம்’ என்பதற்கும் நீளமான பதில் தேவையில்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள். அடுத்து என்ன என்று கேட்க மிஸ்ஸும் இருக்க மாட்டார்.

அந்த இரண்டு பெண்கள் அழுதது நல்ல மனசு. ஆனால் நீங்கள் சொல்லியிருக்கக்கூடியது, மனைவியின் பிரசவத்துக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்று ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டிய, அந்த மூன்று பெண்களும் இறந்துபோன கதையாகத்தான் இருக்கும். அதில் கேட்பவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. அழத்தான் முடியும். அதற்குப் பின்னால் நடந்ததைச் சொல்லியிருக்கலாம்: 1900இல் ஒரே ஒரு கட்டில், 1902இல் நாற்பது கட்டில், 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. முதல் கட்டிலுக்கும் பள்ளிக்கும் நடுவே பதினெட்டு வருஷம். அந்த வருஷங்களில் அடுத்து என்ன என்பதை அந்த அம்மாள்தானே முடிவு செய்ய வேண்டியிருந்தது?

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘செய்முறை வகுப்பில்கூட’ என்ற சொல். கூடவா? அங்கேதான் டீச்சர் இந்த நோயே பிடிக்கிறது. டைட்ரேஷனில், அதாவது நிறம் மாறும்வரை ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனையில், நிறம் மாறுவதைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கத்து மேசையின் பியூரெட் (அளவுக்குழாய்) காட்டும் அளவைப் பார்க்கிறார்கள். இரண்டு அளவு ஒத்துவர வேண்டும் என்பதால் இரண்டாவதை எழுதிவிட்டு அப்புறம் பியூரெட்டைத் திறக்கிறார்கள். விடை முன்பே இருக்கிறது, ரெகார்டு நோட்டு போன வருஷத்து அண்ணனிடம் இருக்கிறது. விடை தெரிந்த வேலையில் யாரும் முன்கை எடுக்க முடியாது. எடுத்தால் மார்க் குறையும். பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை, கணக்குத் தெரிந்தவர்கள்.

அதனால் உங்களுக்கும் விடை தெரியாத வேலை ஒன்றைக் கொடுங்கள். பாலாற்றங்கரைப் பள்ளிக்கு அதற்குப் பஞ்சமா? ஊர்க் கிணறுகளை அளக்கச் சொல்லுங்கள்.

சிரிக்காதீர்கள். ஒரு கிணற்றின் நீர்மட்டத்தை ஒழுங்காக அளப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கயிறு ஆகாது, நனைந்தால் நீளம் மாறும். 30 மீட்டர் எஃகு நாடா வேண்டும், நுனியில் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு மாதிரி ஒரு கனம் வேண்டும். நாடாவின் கீழ்ப்பக்கம் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சாக்பீஸ் தேய்த்து, அந்தப் பகுதி தண்ணீரில் கொஞ்சம் முங்கும் வரை இறக்க வேண்டும். கிணற்று விளிம்பில் நாடாவை ஒரு முழு அளவில் பிடிக்க வேண்டும், 12 மீட்டர் என்று வையுங்கள். மேலே இழுத்தால் சாக்பீஸ் நனைந்த கோடு தெரியும். அது 35 சென்டிமீட்டரில் இருந்தால் 12.00இல் 0.35 போக 11.65. சுற்றுச்சுவர் 80 சென்டிமீட்டர் உயரம் என்றால் அதையும் கழிக்க வேண்டும். தரையிலிருந்து 10.85 மீட்டரில் தண்ணீர்.

சுற்றுச்சுவரைக் கழிக்க மறப்பார்கள். மறக்கட்டும். இரண்டு கிணற்றுக்கு நடுவே ஒரு மீட்டர் வித்தியாசம் வந்து, ஏன் என்று அவர்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ளட்டும். சில கிணற்றில் பக்கவாட்டு ஊற்று ஒழுகி நாடா முழுக்க நனைந்துவிடும், கோடே தெரியாது. மோட்டார் ஓடிய கிணற்றில் மட்டம் இறங்கிக் கிடக்கும், ஊறிவர மணிக்கணக்காகும். அப்படியானால் மும்முனை மின்சாரம் எப்போது வருகிறது என்று விவசாயியிடம் போய்க் கேட்க வேண்டும். எந்தக் கிணறு, எந்த நேரம், இரண்டாம் முறை அளந்தது ஐந்து சென்டிமீட்டர் தள்ளி நின்றால் எதை எழுதுவது – இதற்கெல்லாம் கையேடு கிடையாது. அவர்களே முடிவு செய்ய வேண்டும், நாளைக்குக் கேட்டால் ஏன் என்று சொல்லவும் வேண்டும். நீங்கள் கட்டம் போட்ட தாள் ஒன்றைத் தயாரிப்பீர்கள் என்று தெரியும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

உங்கள் பாடமும் இதில் இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்று போதும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். மலிவு மீட்டர்கள் பலவற்றில் 999ஐத் தாண்டினால் திரையில் ‘பெருக்கல் 10’ சின்னம் வரும். அதைக் கவனிக்காமல் 2140ஐ 214 என்று எழுதிவிட்டு, தண்ணீர் அமிர்தம் என்பார்கள். இன்னொன்று, அந்த மீட்டர் பார்ப்பது மின்கடத்தும் திறனை மட்டும். தோல் ஆலைகளில் தோலைப் பதம் கெடாமல் வைக்கப் போட்ட உப்பு ஊறல் தண்ணீரோடு நிலத்துக்குள் போயிருந்தால் காட்டிவிடும். குரோமியம் என்ற நச்சு உலோகத்தைக் காட்டாது. குடிநீரில் அதன் எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். ராணிப்பேட்டைக் குரோமியக் கழிவுக் குவியலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, ‘மீட்டர் நல்லதாகத்தான் காட்டுகிறது’ என்று உங்கள் மாணவர் சொன்னால் அது உங்கள் குற்றம். குரோமியத்துக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். பாட்டிலோடு அங்கே போய் நிற்பதும் பிள்ளைகளாகவே இருக்கட்டும்.

‘இதனால் என்ன ஆகிவிடும்’ என்று ஆசிரியர் அறையில் யாராவது சொல்வார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தோல் பதனிடும் ஆலைக் கழிவுக்கு எதிராக 1991இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றி நின்றது அந்தத் தீர்ப்பால்தான். அதை எடுத்துப் படியுங்கள். திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் எண்ணிப் பார்த்த கிணறுகள் 467, கெட்டுப்போனவை 350 என்று அதில் இருக்கிறது. யாரோ நாலு பேர் கிணறு கிணறாக நடந்திருக்கிறார்கள் டீச்சர். ‘எங்க ஊர்த் தண்ணி உப்புக் கரிக்குது’ என்று ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள். தீர்ப்பில் ஏறியது 467இல் 350.

மாதம் பற்றி: மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் அளக்கிறது. நீங்களும் அதே மாதங்களில் அளந்தால் ஒப்பிட முடியும். ஜனவரி முதல் வாரத்து அளவு, 26ஆம் தேதி கிராம சபைக்குள் தாளில் ஏறிவிடும். ஒரே பக்கம், கிணற்றுக்கு ஒரு வரி, தேதி, நேரம், அளந்தவர் பெயர். பதினெட்டு ஆகாத பிள்ளைக்கு ஓட்டு இல்லை. அதனால் அவன் அப்பாவோ அம்மாவோ எழுந்து வாசிக்கட்டும். தீர்மான நோட்டில் எழுதும்வரை உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள், பாதியில் எழுந்து வந்துவிட்டால் எழுத மாட்டார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் வாயைத் திறக்கலாம், கண்டிப்பாகவே. சுற்றுச்சுவர் இல்லாத கிணறு பக்கம் போகக்கூடாது. இரண்டு பேருக்குக் குறைந்து, பெரியவர் ஒருவர் துணையில்லாமல் போகக்கூடாது. எட்டிப்பார்க்கிற வயசு.

பயிலரங்கு பற்றிக் கேட்டீர்கள், மறந்தே போனேன். வேண்டாம். பேச வருகிறவருக்குக் கொடுக்கிற பணத்தில் எஃகு நாடா வாங்கிவிடலாம். சாக்பீஸ் உங்கள் வகுப்பிலேயே கிடக்கிறது.