நன்றி வரியை டைப் பண்ணியது யார்?

கேள்வி: அன்புள்ள அம்மா, நான் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். நான் கம்பஸ் முடித்துவிட்டு, தேயிலைக் கொப்புள நோய் பற்றிய ஓர் ஆய்வுக் குழுவில் உதவியாளராக இருக்கிறேன். ஐந்து பேரில் நான் ஒருத்திதான் பெண். 14 மாதம் மலை ஏறி, நோய் விழுந்த இலைகளை எண்ணினேன். எங்கள் தோட்டத்து அக்காமார் இரண்டு பேரும் கூட வந்து எண்ணினார்கள். கட்டுரையில் ஆய்வுமுறைப் பகுதி நான் எழுதியது. இப்போது சஞ்சிகை திருத்தம் கேட்டு அனுப்பியிருக்கிறது. ஆசிரியர் பட்டியலில் மற்ற நாலு பேர். என் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில். அந்த வரியையும் நான்தான் டைப் பண்ணிக் கொடுத்தேன். எல்லோரும் குடும்பம் மாதிரிப் பழகுகிறோம், சீனியரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கேட்க வெட்கமாக இருக்கிறது. இதை விட்டுவிட்டு டீச்சிங்குக்கு விண்ணப்பிக்கவா?
பெயர் வேண்டாம்

பதில்:

மகளே,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் ஒரே வரியில்தான் கண் நின்றது. "அந்த வரியையும் நான்தான் டைப் பண்ணிக் கொடுத்தேன்." போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறாய்.

யார் சொல்லி டைப் பண்ணினாய்? அதை நீ எழுதவில்லை. சொல்லியிருந்தால் எழுதியிருப்பாய். நாலு பெயரை மேலே அடித்துவிட்டு, கடைசிப் பக்கத்துக்கு வந்து, உனக்கு நீயே நன்றி சொல்லிக்கொண்டாய். அதற்குப் பிறகு இரண்டு பக்கத்துக்கு எனக்குக் கடிதம் எழுதுகிறாய். அந்த நாலு பேர் மீதும் எனக்குக் கோபம் உண்டு. முதல் கோபம் உன் மேல்தான்.

அரைப் பேர் என்றால் என்னவென்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கொழும்பில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: கேட்ட கிலோ வராவிட்டால் அன்றைக்குப் பாதிச் சம்பளம், அதுதான் அரைப் பேர். என் அம்மாவுக்கு ஒரு நாள் அப்படி விழுந்தது. மழைக்கொழுந்து, ஈரத்துக்கென்று எடையில் அதிகமாகக் கழித்துவிட்டார்கள். அம்மா கூடையை இறக்கவில்லை. "பேரைப் போடுங்க, இறக்குறேன்" என்று கொழுந்து நிறுக்கும் மடுவத்து வாசலிலேயே நின்றார். மற்றவர்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, போய் அடுப்பு மூட்டிவிட்டார்கள். இருட்டின பிறகுதான் முழுப் பேரோடு வீட்டுக்கு வந்தார். செக்ரோல் என்கிற பேர்ப் பதிவேட்டில் தன் பெயர் எந்த வரியில் இருக்கிறதென்று வாசிக்கத் தெரியாத மனுஷி அவர். உன் அம்மாவும் இப்படி ஒரு நாளாவது நின்றிருப்பார், கேட்டுப் பார். அவர் பெற்ற பிள்ளை, படித்த பிள்ளை, கேட்பதற்கு ஆளே இல்லாத நேரத்தில் தன் பேரைத் தானே கழித்துக் கொடுத்திருக்கிறாய்.

"குடும்பம் மாதிரி" என்கிறாய். அந்தச் சொல்லை நான் லேசாக விட மாட்டேன். 1984-இல்தான் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று ஆனது. அதற்கு முன் அதே மலையில் அதே மழையில் நின்றாலும் பெண்ணுக்குக் குறைவு. அந்தக் குறைந்த காசையும் எத்தனையோ லயங்களில் புருஷன்தான் போய் வாங்குவான். கேட்டால் "குடும்பம்தானே, யார் கையில் வாங்கினால் என்ன" என்பார்கள். இதைச் சொல்லியே எங்கள் அம்மாக்களின் கையை வெறுங்கையாக வைத்திருந்தார்கள். நான் குடும்பத்தை மதிக்கிறவள். மூத்தவன், தன் பங்கைத் தொடுவதற்கு முன் இளையவளின் தட்டைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கிறவனைத்தான் அண்ணன் என்பேன்.

1903-இல் இயற்பியல் நோபலுக்குப் பியேர் கியூரியையும் பெக்கெரெலையும் மட்டுமே பிரெஞ்சு அகாதமிக்காரர்கள் முன்மொழிந்தார்கள். பியேரோடு சேர்ந்து ஆய்வு செய்த மனைவி மேரியின் பெயர் இல்லை. சுவீடனில் இருந்த மிட்டாக்-லெஃப்லர் என்ற கணிதவியலாளர் இதைப் பியேருக்குத் தெரியப்படுத்தினார். பியேர் பதில் எழுதினார்: என்னைக் கருதுவதானால் மேரியோடு சேர்த்தே கருதுங்கள். பிறகுதான் பரிசு மூன்று பேருக்கும் போனது. வீட்டுக்காரன் செய்ய வேண்டிய வேலை அது. உன் அண்ணா உனக்காக ஒரு வரி எழுதினாரா?

உனக்கு மட்டும் நடந்தது என்று நினைத்துக் குறுகிப்போகாதே. 2022-இல் நேச்சர் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 10,000-க்குக் கிட்டத்தட்ட ஆய்வுக் குழுக்களை எடுத்து, குழுவில் சம்பளம் வாங்கி வேலை செய்தவர் யார், கட்டுரையில் பெயர் வந்தவர் யார் என்று ஒப்பிட்டார்கள். கட்டுரையில் பெயர் வரும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு 13 சதவீதம் குறைவு. காப்புரிமையில் 58 சதவீதம் குறைவு. பெண்கள் எழுதுவது குறைவு என்று சொல்லிக்கொண்டிருந்தார்களே, அதில் ஒரு பகுதி எழுதியும் பேர் விழாத கணக்கு.

பேர் விழுந்தாலும் தொல்லை முழுதாகத் தீராது. பொருளியல் துறையில் ஹெதர் சார்சன்ஸ் என்ற ஆய்வாளர் பார்த்தது இது: ஆண்களோடு சேர்ந்து எழுதிய கட்டுரைக்கு, நிரந்தரப் பதவி கொடுக்கும் நேரத்தில், பெண்ணுக்குக் கிடைக்கும் மதிப்பு கூட எழுதிய ஆணுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. அதனால்தான் எதை யார் செய்தார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறேன்.

இப்போது வேலைக்கு வருவோம். கட்டுரை இன்னும் அச்சாகவில்லை. திருத்தம் போகும் இந்த நேரத்தில் பெயர் சேர்க்கலாம். பொதுவாக எல்லா ஆசிரியர்களும் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். அச்சான பிறகு அது பெரும்பாடு. மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த விதியைப் பிற துறைச் சஞ்சிகைகளும் பின்பற்றுகின்றன. தரவு திரட்டியதிலோ அலசியதிலோ கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், வேலைக்குப் பொறுப்பேற்பது, இந்த நாலும் இருந்தால் அவர் ஆசிரியர். முதலாவது இருக்கிறவருக்கு எழுதவும் திருத்தவும் இறுதி வடிவத்துக்குச் சம்மதம் சொல்லவும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. உனக்கு முதல் இரண்டும் கையில் இருக்கிறது. கொப்புள நோய் இளங்கொழுந்தில் விழுவது. மழையும் மூட்டமும் இருக்கும் நாட்களில் பரவுவது. அந்த நாட்களில் மலையில் நின்றது நீ. அறைக்குள் இருந்தவருக்கு அந்த எண்ணிக்கை எப்படி வந்திருக்கும்?

சீனியருக்கும் மேற்பார்வை செய்யும் சேருக்கும் ஒரே மின்னஞ்சல் போடு. எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை மலைக்குப் போனாய், எத்தனை நாள், எந்தப் பகுதியை எழுதினாய், அவ்வளவுதான். மன்னிக்கவும், தவறாக நினைக்க வேண்டாம் என்ற சொற்கள் அதில் வேண்டாம். "என் பெயரை ஆசிரியர் பட்டியலில் சேர்த்து அனுப்புங்கள்" என்று முடி. நேரில் அண்ணா என்று கூப்பிடு, தப்பில்லை. கணக்கு மட்டும் எழுத்தில் இருக்கட்டும்.

டீச்சிங் பற்றிக் கேட்டாய். தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் வேண்டும்தான். ஒளிந்துகொள்ள இடம் தேடி வருகிற டீச்சர் அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாம். இந்த மின்னஞ்சலுக்குப் பதில் வந்த பிறகு, விருப்பம் இருந்தால் போ.

இன்னும் ஒன்று. கூட வந்து எண்ணின அக்காமார் இரண்டு பேர் என்றாய். எனக்கு எழுதின கடிதத்திலும் அவர்களுக்குப் பெயர் இல்லை, கட்டுரையிலும் இருப்பதாக நீ சொல்லவில்லை. அவர்களும் அதே மழையில்தானே நின்றார்கள்? உன் பெயர் மேலே போனதும் அந்த நன்றி வரி காலியாகும். அதில் அவர்கள் இருவரின் பெயரும் வர வேண்டும். நாளைக்கே லயத்துக்குப் போய்ச் சம்மதம் கேள். பெயரையும் அவர்கள் வாயாலேயே கேட்டு எழுது. செக்ரோலில் இருக்கும் எழுத்துப் பிழையோடு போட்டுவிடாதே.