நிபுணர் சொல்வது பலிக்குமா?

கேள்வி: ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைப் பங்குகளில் போட்டிருக்கிறேன். தொலைக்காட்சியில் சந்தை நிபுணர்கள் சொல்வதைச் சில ஆண்டுகளாகக் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். புரட்டிப் பார்த்தால் பலித்தவற்றைவிடப் பொய்த்தவையே அதிகம். இவ்வளவு படித்தவர்கள் எப்படித் தவறுகிறார்கள்?
– வாசகர், காரைக்குடி

பதில்: குறிப்பேடு வைத்திருக்கிறீர்களே, அதுவே பெரிய காரியம், சொன்னவர்கள் வைத்திருப்பார்களா என்பது ஐயம்தான். அதில் 2024 ஜூன் முதல் வாரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஜூன் 1, சனிக்கிழமை மாலை வெளியான தேர்தல் கணிப்புகள் ஆளும் கூட்டணிக்குப் பெருவெற்றி என்றன. திங்கட்கிழமை மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2,507 புள்ளிகள் ஏறியது. செவ்வாய்க்கிழமை வாக்குகளை எண்ணியபோது பா.ஜ.க. தனிப்பெரும்பான்மைக்குத் தேவையான 272-ஐ எட்டாமல் 240 இடங்களில் நின்றது. சென்செக்ஸ் 4,389 புள்ளிகள் சரிந்தது. அதோடு முடிந்ததா என்றால், இல்லை. அந்த வெள்ளிக்கிழமையே திங்கட்கிழமை முடிந்த அளவையும் தாண்டி 76,693-இல் நிறைவடைந்தது. தேர்தல் முடிவை முன்கூட்டியே மிகச் சரியாக அறிந்த ஒருவர் பங்குகளை விற்றுவிட்டு ஒதுங்கியிருந்தால்கூட, செவ்வாயன்று மேதையாகவும் வெள்ளியன்று ஏமாளியாகவும் தோன்றியிருப்பார்.

நடக்கப்போவதை அறிவது வேறு, அதற்குச் சந்தை என்ன விலை வைக்கும் என்பதை அறிவது வேறு. மழை வருமென்று வானிலை மையம் அறிவித்தால் மேகம் அதைக் கேட்டு மனம் மாறுவதில்லை. ஆனால் ஒரு பங்கு அடுத்த வாரம் ஏறும் என்று எல்லோரும் நம்பிவிட்டால், எல்லோரும் இன்றே வாங்குவார்கள், அடுத்த வாரத்து ஏற்றம் இன்றே தீர்ந்துவிடும். படிப்பு இதற்கு மருந்தல்ல. அமெரிக்காவின் பெயர்பெற்ற பொருளியல் அறிஞர் இர்விங் ஃபிஷர், பங்கு விலைகள் நிலையான உயரத்தை எட்டிவிட்டன என்று 1929 அக்டோபரில் சொன்னார். அம்மாத இறுதியிலேயே சந்தை உடைந்தது, அவருடைய சொந்தச் செல்வமும் கரைந்தது. கணிப்பு விற்ற நிறுவனங்களின் பழைய அறிவுரைகளை ஆல்ஃபிரட் கவுல்ஸ் என்பவர் பொறுமையாகக் கணக்கிட்டு 1933-இல் வெளியிட்டபோது, அவற்றில் திறமைக்கான சான்று கிடைக்கவில்லை.

ஒன்று செய்யுங்கள். உங்கள் குறிப்புகளில் விலை, தேதி இரண்டையும் சேர்த்துச் சொன்னவை எத்தனை என்று எண்ணுங்கள். "இந்த ஆதரவு நிலை உடையாத வரை ஏற்றம் தொடரும், உடைந்தால் எச்சரிக்கை தேவை" என்பது போன்றவற்றை அடித்துவிடுங்கள் (ஆதரவு நிலை என்பது, விலை அதற்குக் கீழே இறங்காது என்று அவர்கள் கருதும் அளவு). எது நடந்தாலும் அவை பொய்க்காது.

கேள்வி: டெலிகிராம் குழுவொன்றில் மூன்று நாள் இலவசமாகச் சொன்ன மூன்று பங்குக் கணிப்புகளும் பலித்தன. கட்டணம் செலுத்திச் சேரலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: எண்ணூறு பேரில் பாதிப்பேருக்கு ஒரு பங்கு ஏறும் என்றும் மீதிப்பேருக்கு இறங்கும் என்றும் செய்தி அனுப்புங்கள். பலித்த நானூறு பேரை மறுநாள் மீண்டும் இரண்டாகப் பிரியுங்கள். மூன்றாம் நாள் முடிவில், தவறே காணாத நூறு பேர் உங்கள் கையில் இருப்பார்கள். அந்தக் குழு இப்படித்தான் செய்தது என்று நான் சொல்லவில்லை. மூன்று நாள் கணக்கை வைத்துக்கொண்டு அதை மறுக்க உங்களுக்கும் வழியில்லை. முதலில், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் பதிவு எண்ணைக் கேளுங்கள். உறுதியான லாபம் என்று வாக்களிக்கப் பதிவு பெற்றவருக்கும் அனுமதி கிடையாது. அவர்கள் சொல்வது எஃப் அண்ட் ஓ, அதாவது பங்குகளின் பிற்கால விலையை வைத்துச் செய்யும் ஒப்பந்த வணிகமென்றால் இன்னும் யோசியுங்கள்: 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்ததாக செபியின் ஆய்வே சொல்கிறது.