மேகமில்லாத இரவுகள்: ஊட்டிக் குளிர்காலம் குறித்த கேள்வி பதில்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் பேச்சு இரண்டுதான்: பனி விழுந்ததா, வானம் தெளிந்ததா. நான் இயற்பியல் ஆசிரியையாக இருந்தவள். கணவர் தாவரவியல் நடத்தியவர். வானம் பார்ப்பதில் தீராத ஆசை கொண்டவர். போசான் என்ற நாட்டு நாயும் ரோகிணி என்ற பூனையும் உடன் இருக்கின்றன. ஊட்டிக் குளிரில் எப்படி வாழ்கிறீர்கள் என்று பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து: டீச்சர், வெப்பநிலை 3 டிகிரி என்று செய்தியில் சொல்கிறார்கள். பூஜ்யத்துக்கு மேலே இருக்கும்போது புல் எப்படி உறைகிறது? பனி வானத்திலிருந்து பொழிகிறதா?

பொழிவதில்லை. காற்றில் இருக்கும் நீராவி, உறைநிலைக்குக் கீழே குளிர்ந்துவிட்ட புல்லின்மேல் நேராகப் படிகமாகிறது. செய்தியில் வரும் 3 டிகிரி, தரையிலிருந்து ஓர் ஆள் நெஞ்சு உயரத்தில், கூண்டுக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவது. புல்லுக்குக் கூண்டு கிடையாது. வானத்தைப் பார்த்தபடி இரவு முழுவதும் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக மேலே விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடுகிறது. மேகம் இருந்தால் ஒரு போர்வையாக நின்று அந்த வெப்பத்தில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்த பிறகே உறைபனி வருவது இதனால்தான். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். காந்தல், தலைகுந்தா பக்கம் தாழ்ந்த இடங்கள் வெளுத்துக் கிடக்கும் காலையில், மேட்டிலிருக்கும் தோட்டம் பச்சையாகவே இருப்பதைப் பார்க்கலாம்.

ஊட்டிக்கு வந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். மாலையில் புல்வெளியில் ஒரு குடையை விரித்து நட்டுவையுங்கள். விடிந்ததும் சுற்றிலும் வெள்ளையாகவும் குடைக்கு அடியில் மட்டும் பச்சையாகவும் இருக்கும். அந்தப் புல் வானத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பிறகு வெயில் ஏறுமுன் ஒரு கைலென்ஸை எடுத்துக்கொண்டு குனியுங்கள். ஸ்ட்ராபெரி இலை கிடைத்தால் இன்னும் நல்லது. இலையின் நடுப்பரப்பைவிட விளிம்புப் பற்களில்தான் படிகம் அடர்ந்திருக்கும். ஒவ்வொரு மயிரிலும் ஓர் ஊசி, அந்த ஊசியின் பக்கவாட்டில் அதைவிடச் சிறிய ஊசிகள். மூச்சை அடக்கிக்கொண்டு பாருங்கள். ஒரு மூச்சு பட்டால் அத்தனையும் நீர்த்துளியாகிவிடும்.

கோத்தகிரியிலிருந்து: கல்யாணமாகி மலைக்கு வந்த முதல் குளிர்காலம். இட்லி மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது. பருப்பும் வேகவில்லை. என்ன செய்வது அக்கா?

உங்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை, கவலை வேண்டாம். மாவைப் புளிக்கவைக்கும் லூகோனாஸ்டாக் போன்ற நுண்ணுயிர்களுக்கு 28, 30 டிகிரி வெப்பம் இதமாக இருக்கும். டிசம்பரில் நம் சமையலறையில் அதில் பாதி இருந்தாலே பெரிது. வெதுவெதுப்பான நீர் விட்டு அரையுங்கள். மாவுப் பாத்திரத்தை ஒரு தெர்மாகோல் பெட்டியில் வைத்து, பக்கத்தில் வெந்நீர் நிரப்பிய பாட்டிலை நிறுத்தி மூடிவிடுங்கள். படுக்கப்போகும் முன் பாட்டில் நீரை ஒருமுறை மாற்றினால் காலையில் மாவு எழும்பியிருக்கும். தயிருக்கும் இதே பெட்டிதான். சிலர் மூடிய அலமாரியில் பல்பு எரியவிடுகிறார்கள். பழைய இழை பல்பு என்றால் சரி, எல்இடி அவ்வளவு சூடு தராது.

பருப்பின் காரணம் வேறு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் இங்கே தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கோத்தகிரி சற்றுத் தாழ்வு என்றாலும் சங்கதி அதேதான். எவ்வளவு தீயைக் கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் சூடு ஏறாது. குக்கர்தான் வழி.

குன்னூரிலிருந்து கல்லூரி மாணவர்: பைனாகுலர் மட்டும் இருக்கிறது. குளிர்காலத்தில் எதைப் பார்க்கலாம்? துருவ நட்சத்திரம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

இதற்குக் கணவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன் தம்பி. துருவ நட்சத்திரத்தின் உயரம் நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகைக்கு ஏறக்குறையச் சமம். நீலகிரியில் அது 11 டிகிரி சொச்சம். வடக்கே ஒரு மலை இருந்தால் போதும், மறைந்துவிடும். ஊட்டி அருகே முத்தோரையில் இருக்கும், விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பிடிக்கும் வானொலித் தொலைநோக்கி இந்த 11 டிகிரியைத்தான் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970இல் இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வடக்கு தெற்காக 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் அமைத்தார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. அந்த ஓர் அச்சில் சுழற்றினாலே ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் தொடர்ந்து செல்லலாம். சரிவைக் குறையாக எண்ணாமல் கருவியின் பாகமாகவே பார்த்த அந்த மூளையை நினைத்தால் எங்களுக்கு இன்றும் பெருமிதம்தான்.

பைனாகுலரில் முதலில் கார்த்திகைக் கூட்டத்தைப் பாருங்கள்; வெறுங்கண்ணுக்கு ஆறு தெரிந்த இடத்தில் பல டஜன் தெரியும். அடுத்து ஓரியன் என்ற வேட்டைக்காரன் வடிவ விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் தொங்கும் வாளின் நடுவே மங்கலான ஒரு திட்டு. அது விண்மீன்கள் பிறக்கும் இடம், சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவு. பொங்கல் சமயத்தில் இரவு பதினொரு மணி வாக்கில் தெற்கே அகத்தியர் நட்சத்திரம் (கனோபஸ்) 26 டிகிரி உயரத்தில் நிற்கும். டிசம்பர் 13, 14 இரவில் ஜெமினிட் எரிகற்கள் வரும். அதற்குப் பைனாகுலர் வேண்டாம், கம்பளியும் நாற்காலியும் போதும். மார்கழித் திருவாதிரை இரவை மட்டும் விட்டுவிடுங்கள். முழுநிலவு திருவாதிரை விண்மீன் அருகிலேயே நின்று வானத்தை வெளுத்துவிடும்.

திரும்ப வீட்டுக்குள் வரும்போது பைனாகுலரை வெளியிலேயே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட்டு எடுத்து வாருங்கள். ஈரம் பையின் மேல் படியும், கண்ணாடியில் படியாது.

ஊட்டி அருகே எமரால்டு என்ற ஊரிலிருந்து: வீட்டுத் தோட்டத்துச் செடிகள் பனியில் கருகுகின்றன.

பகலில் மண்ணை நன்றாக நனையுங்கள். ஈரமண் வெயிலின் வெப்பத்தைக் கூடுதலாகச் சேர்த்துவைத்து இரவில் விடும். மாலை வெயில் இறங்கியவுடன் செடிகளை மூடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மூடினால் பாதி வெப்பம் போயிருக்கும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் என்ற செடிகளைக் கொண்டு மலர் நாற்றுகளை மூடுகிறார்கள் அல்லவா, அதே முறைதான். காலையில் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

திருப்பூரிலிருந்து: ஜனவரியில் குடும்பத்தோடு வருகிறோம். தங்கும் அறையில் கரி அடுப்பு மூட்டிக்கொள்ளலாமா?

கூடாது. தயவுசெய்து கூடாது. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமோ நிறமோ இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவோடு பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி வரும். குளிர்தான் காரணம் என்று நினைத்துப் படுப்பவர்கள் எழுவதில்லை. மலைகளில் ஏறக்குறைய ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படி உயிர்கள் போகின்றன. தணல் அணைந்ததுபோல் தெரிந்தாலும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் ஜன்னல் திறந்திருக்கட்டும். கூடுதலாக இரண்டு கம்பளி கேட்டு வாங்குங்கள். வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலிலிருந்து: உங்கள் நாயும் பூனையும் குளிரை எப்படிச் சமாளிக்கின்றன? மீன் தொட்டி வைக்கலாமா?

போசானுக்கு மயிர் குட்டை, அதனால் இரவில் பழைய ஸ்வெட்டர் போடுகிறோம். தரையிலிருந்து உயர்த்திய பலகைமேல் சாக்கு விரித்து, வீட்டுக்குள்தான் படுக்கை. வெளியே கட்டினால் குளிர் மட்டுமல்ல, சிறுத்தையும் ஆபத்து. சோற்றுத் தட்டையும் வாசலில் விட்டுவைப்பதில்லை. இங்கே கரடி வரும், உங்கள் ஊரில் காட்டுப்பன்றி வரும்.

30 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் பூனையின் உடல் சூட்டுக்காகக் கூடுதலாக உழைக்காமல் இருக்கும். ரோகிணி பகல் முழுவதும் வெயில் விழும் ஜன்னல் திட்டோடு தானும் நகர்ந்துகொண்டே இருப்பாள். வெயில் போனதும் குளிர்சாதனப் பெட்டியின் மேலே ஏறி, வாலால் மூக்கை மூடிக்கொள்வாள். தெருப் பூனைகள் இதே சூட்டைத் தேடிக் கார் என்ஜினுக்குள் நுழையும். காலையில் வண்டியைக் கிளப்பும் முன் பானட்டை இரண்டு தட்டு தட்டுங்கள். பூனை தும்மினால் பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அரை மாத்திரைகூட அதன் உயிரைப் பறிக்கும். கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

மீன் வைக்கலாம். கப்பி போன்றவற்றுக்கு 24 டிகிரி வாக்கில் வெப்பம் வேண்டும்; சூடு போதுமானதும் தானாக அணையும் ஹீட்டர் இல்லாமல் வாங்காதீர்கள். அடிக்கடி மின்சாரம் போகும் தெரு என்றால் தங்கமீன் வளர்த்துக்கொள்ளுங்கள், அது குளிர் தாங்கும்.