விண்டோஸ் மாதிரி கணினியை இயக்கும் மென்பொருளான லினக்ஸை, கணினியில் நிறுவாமலே ஓட்டிப் பார்க்க முடியுமா?

முடியும். அதற்கு ‘லைவ் யுஎஸ்பி’ என்று பெயர்: லினக்ஸ் முழுவதையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் துவக்குவது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட்கள் நின்றுவிட்டதால், லினக்ஸுக்கு மாற நினைக்கும் பழைய லேப்டாப்காரர்கள் முதலில் இதைத்தான் செய்து பார்க்க வேண்டும்.

கணினி ஹார்ட் டிஸ்கிலிருந்துதான் துவங்க வேண்டும் என்பதில்லை. ஆன் செய்ததும் எஃப்12 (சில மாடல்களில் வேறு பொத்தான்) அழுத்தினால் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம். அதன்பின் நீங்கள் செய்யும் மாற்றமெல்லாம் ரேமில்தான் (கணினியின் தற்காலிக நினைவகத்தில்) இருக்கும், அணைத்தால் போய்விடும். கல்யாணச் சமையல்காரர் தன் அண்டா, கரண்டியோடு வந்து கொல்லைப்புறத்தில் சமைத்துவிட்டுப் போவது மாதிரி. வீட்டு அடுப்பங்கரையை அவர் தொடுவதே இல்லை.

லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் என்றால் 4 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி. வைஃபை, ஒலி, பிரிண்டர், அப்புறம் தமிழ்த் தட்டச்சு எல்லாவற்றையும் சோதியுங்கள். மக்கர் செய்தால் பெரும்பாலும் வைஃபைதான். மெதுவாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் பென் டிரைவின் வேகம்.

பென் டிரைவைச் செருகினாலே விண்டோஸ் அழிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ‘இன்ஸ்டால்’ ஐகானைத் திறந்து, டிஸ்கை அழிக்க நீங்களே சம்மதிக்கும்வரை விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது, அழிவது லினக்ஸை ஏற்றும்போது பென் டிரைவில் ஏற்கெனவே இருந்தவை மட்டுமே.