பூச்சுக்கு முதல் பைப் லைனை மாத்துங்கோ

கேள்வி: அண்ணை, கிளிநொச்சியில எங்கட பழைய வீட்டைத் திருத்தி மேல்மாடியும் போடுறம். தாங்கியில இருந்து வாறது அரை இஞ்சி இரும்பு லைன், ரெண்டு பைப்பை ஒண்டாத் திறந்தா தண்ணி நூலாத்தான் வருது. பெரிய மோட்டர் போட்டாச் சரிவருமோ?

பதில்: இல்லைத் தங்கச்சி, மோட்டர் தண்ணியைத் தாங்கிக்கு ஏத்துமே தவிர இறங்கிற வேகத்தைக் கூட்டாது. அந்த இரும்பு லைன்ல ஒரு துண்டை வெட்டிப் பாருங்கோ, கறளும் சுண்ணாம்பும் படிஞ்சு பென்சில் போற ஓட்டைதான் மிஞ்சியிருக்கும். மெயின் லைனை ஒரு இஞ்சிக்கு மாத்துங்கோ, அரை இஞ்சியை விட கிட்டத்தட்ட நாலு மடங்கு வாய், கிளை லைனுக்கு முக்கால், கடைசித் துண்டுக்கு மட்டும் அரை காணும். பிவிசி பைப் வாங்கேக்க டைப் 1000 எண்டு அடிச்சிருக்கோ பாருங்கோ, அது பைப் அமுக்கம் தாங்கிற தரம், மலிவெண்டு 600 தந்தா வேண்டாம். மேல்மாடிக்கு தாங்கியின்ர உயரம்தான் உயிர், 10 மீற்றர் உயரத்துக்கே ஒரு பார் அமுக்கம்தான், தாங்கி ஷவருக்கு மேல 2 மீற்றர் எண்டா 0.2 பார்தான், அது காணாது, அதால தாங்கியையும் உயர்த்தத்தான் வேணும். பூச முதல் தண்ணி நிரப்பி ஒரு இரவு விட்டு பைப் பொருத்தின ஒவ்வொரு இடத்தையும் கையால தடவிக் கசியுதோ பாருங்கோ, மேசன் அவசரப்படுத்தினாலும் விடாதேங்கோ.