பழைய போர்க்கப்பல்களில் மாலுமிகள் தங்கள் எதிர்ப்பை எப்படிக் காட்டினார்கள்?

விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மெஸ்ஸில் சாம்பார் தண்ணீராக வந்த நாட்களில் நாங்கள் யாரும் வாயைத் திறக்க மாட்டோம். எவர்சில்வர் தட்டில் டம்ளரால் தட்டுவோம். வார்டன் யாரைப் பிடிப்பார்? பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகள் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான், கொஞ்சம் கனமான சாமானை வைத்து.

வணிகக் கப்பலில் பாட்டுப் பாடிக் கயிறு இழுக்கலாம். கடற்படையில் அது ஆகாது. மாலுமிகளை வேலை வாங்கும் போசனின் விசிலும் அதிகாரியின் உத்தரவும் மட்டும்தான் கேட்க வேண்டும். நங்கூரம் ஏற்றும்போது பிடில் வாசிப்பதுண்டு, அவ்வளவே. அப்படிப்பட்ட இடத்தில் சத்தம் எழுப்புவதே பாதிக் கலகம்.

குண்டு உருட்டுவது அப்படித்தான் வந்தது. பெரிய கப்பலின் கீழ்த்தளத்துப் பீரங்கிக் குண்டு 32 பவுண்டு, அதாவது பதினான்கரை கிலோ இரும்பு. நள்ளிரவில், மாலுமிகள் தூங்கும் தூளிகள் நெருக்கமாகத் தொங்கும் இருட்டில், எவனோ ஒன்றைத் தள்ளிவிடுவான். கப்பல் சாயும் பக்கமெல்லாம் அது பலகைமேல் கடகடவென்று ஓடும். ரோந்து வரும் அதிகாரியின் கணுக்காலில் பட்டால் எலும்பு மிஞ்சாது. விளக்கைத் தூக்கிப் பார்த்தால் எல்லோரும் குறட்டை! விவரமான கேப்டன் அன்றே உஷாராகிவிடுவார்.

1797-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் அருகே கப்பல்கள் நங்கூரமிடும் ஸ்பிட்ஹெட்டில் இந்த எதிர்ப்பு வெளிப்படையாகவே வெடித்தது. நூறு வருடத்துக்கு மேலாகச் சம்பளம் உயரவில்லை. ரேஷனில் ஒரு பவுண்டு என்று கொடுத்ததும் 16 அவுன்ஸ் இல்லை, 14தான். ஏப்ரல் 16, ஈஸ்டர் ஞாயிறு. புறப்படச் சொல்லிக் கொடி ஏறியதும் 'குயின் சார்லட்' கப்பலின் மாலுமிகள் நங்கூரத்தைத் தொடவில்லை. பாய்மரக் கயிறுகளில் ஏறி மூன்று முறை ஆர்ப்பரித்தார்கள். மற்றக் கப்பல்களும் அப்படியே பதில் கொடுத்தன. தளபதிக்கு மரியாதை செய்யும் அதே ஆர்ப்பரிப்பு! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரு மாதத்தில் சம்பள உயர்வும் மன்னிப்பும் கிடைத்தன.

1931 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டனிலும் இதையே பார்க்கிறோம். பழைய சம்பள விகிதத்தில் இருந்த மாலுமிகளின் நாள் சம்பளம் 4 ஷில்லிங்கிலிருந்து 3 ஆகப்போகிறது என்று தெரிந்ததும் 'ராட்னி', 'வேலியன்ட்', 'நெல்சன்', 'ஹூட்' ஆகிய கப்பல்களெல்லாம் கிளம்ப மறுத்தன. சிக்னல் கருவிகள் அதிகாரிகள் கையில் இருந்ததால், முன்தளத்தில் கூடி, கப்பல் மாற்றிக் கப்பல் கத்தித்தான் 'நாங்களும் நிற்கிறோம்' என்று தெரிவித்துக்கொண்டார்கள். வெட்டு 10 சதவீதத்தோடு நின்றது. பின்னால் பலரைச் சத்தமில்லாமல் வேலையை விட்டு அனுப்பினார்கள்.